தலை கொடுத்த தந்தை, தப்பியோடிய மகன்

லண்டன் வைட்ஹாலில் இனிகோ ஜோன்ஸ் 1622இல் கட்டிமுடித்த விருந்து மண்டபம் இன்றும் நிற்கிறது. சுற்றியிருந்த அரண்மனையின் பெரும்பகுதி 1698இல் எரிந்து சாம்பலானபோது இது மட்டும் பிழைத்தது. 1649 ஜனவரி 30 அன்று இந்த மண்டபத்தின் வழியாக நடந்து, வெளியே போட்டிருந்த மேடைக்கு வந்து, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் வெட்டுக்கட்டையில் தலை வைத்தார். 1689 பிப்ரவரி 13 அன்று இதே மண்டபத்துக்குள் அவருடைய மகன்வழிப் பேத்தி மேரிக்கும் மகள்வழிப் பேரன் வில்லியமுக்கும் நாட்டின் பிரதிநிதிகள் மணிமுடியை அளித்தார்கள். இவ்விருவரும் கணவன் மனைவி. அவர்களுக்குக் கிடைத்த முடி மேரியின் தந்தை இரண்டாம் ஜேம்ஸுடையது. அவர் சாகவில்லை, முடி துறப்பதாக எங்கும் எழுதித் தரவும் இல்லை. பிரான்சில், பதினான்காம் லூயி கொடுத்த அரண்மனையில் இருந்தார்.

நடுவில் 40 ஆண்டும் இரண்டு வாரமும். தந்தையைக் கொன்ற நாடு, மகன் கையில் அகப்பட்ட பிறகும் ஓடவிட்டது. பாடநூல்கள் முன்னதை உள்நாட்டுப் போர் என்றும் பின்னதை மகத்தான புரட்சி என்றும் தனித்தனி அதிகாரங்களில் வைப்பதால் இரண்டும் வேறுவேறு கதைகளாகிவிடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரிவது ஒரே வழக்கு. அரசன் சட்டத்துக்கு உட்பட்டவனா, இல்லை சட்டம் அரசனுக்கு உட்பட்டதா என்ற வழக்கு. 1649இன் தீர்ப்பு 12 ஆண்டுகூட நிற்கவில்லை. 1689இன் தீர்ப்பு இன்றுவரை நிற்கிறது. இரண்டு மன்னர்களின் குற்றமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, தீர்ப்புகளின் ஆயுள் ஏன் இப்படி வேறுபட்டது என்பதைத்தான் இந்த ஒப்பீட்டில் தேடுகிறேன்.

குணத்தில் இருவரும் நேர்மாறு. சார்லஸ் அரசராக வளர்க்கப்பட்டவர் அல்ல. அண்ணன் ஹென்றி 1612இல் 18 வயதில் இறந்துபோனதால் பட்டம் இவரிடம் வந்தது. சிறிய உருவம், திக்கும் நாக்கு, கூச்சம். கண்ணோ அபூர்வமானது. வான் டைக்கைத் தம் அரசவை ஓவியராக வைத்துக்கொண்டார். மாந்துவா கோமகன்களின் ஓவியத் தொகுப்பை மொத்தமாக வாங்கினார். விருந்து மண்டபத்தின் கூரைக்கு ரூபன்ஸைக் கொண்டு தம் தந்தை விண்ணேறும் காட்சியைத் தீட்டவைத்தார். சாகப்போகும் நாளில் அந்தக் கூரையின் கீழேதான் நடந்துபோனார். ஜேம்ஸிடம் இந்த நுட்பம் எதுவும் இல்லை. அவர் போர்வீரர். நாடு கடந்து வாழ்ந்த இளமையில் பிரெஞ்சுத் தளபதி துரேனின் கீழ்ச் சண்டையிட்டவர். 1665இல் லோவெஸ்டாஃப்ட் கடற்போரில் டச்சுக் கப்பற்படையைத் தோற்கடித்தவர். அந்தப் போரில் அவருக்கு அருகே நின்ற பிரபுக்கள் ஒரே வெடியில் சிதறி, இரத்தம் அவர்மீது தெறித்தது. அவர் அசையவில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியம். சார்லஸின் வாக்கை நம்பியவர் நட்டாற்றில் நின்றார். கலகக்காரர்களுக்குக் கொடுத்த உறுதி கடவுளுக்கு முன் கட்டுப்படுத்தாது என்பது அவருடைய உள்ளான நம்பிக்கை. 1645இல் நேஸ்பி போர்க்களத்தில் அவருடைய கடிதப் பெட்டி எதிரிகள் கையில் சிக்கியது. வெளியே ஒன்று சொல்லிக்கொண்டு உள்ளே அயர்லாந்துக் கத்தோலிக்கப் படையை வரவழைக்க முயன்றதை நாடாளுமன்றம் அச்சிட்டு ஊரெங்கும் பரப்பியது. தோற்ற பிறகும் ஸ்காட்லாந்தாருடன் ஒரு பேச்சு, படைத்தலைவர்களுடன் ஒரு பேச்சு, நாடாளுமன்றத்துடன் ஒரு பேச்சு என்று ஒரே காலத்தில் நடத்தினார். ஜேம்ஸ் மறைக்கத் தெரியாதவர். கத்தோலிக்கராக மதம் மாறினார். அரசுப் பதவியில் இருப்போர் கத்தோலிக்கக் கோட்பாட்டை மறுத்து உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1673இல் சட்டம் வந்தபோது, பொய்ச் சத்தியம் செய்யாமல் கப்பற்படைத் தலைமையைத் துறந்தார். தந்தை சொன்னதை யாரும் நம்பாததால் தந்தை வீழ்ந்தார். மகன் சொன்னதை எல்லாரும் நம்பியதால் மகன் வீழ்ந்தார்.

தந்தையின் வீழ்ச்சியை மகன் ஏட்டில் படித்து அறியவில்லை. கூடவே இருந்து கண்டார். 1642 ஏப்ரலில் ஹல் நகரின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற நினைத்த சார்லஸ், எட்டு வயது ஜேம்ஸை முதல் நாளே விருந்தாளியாக ஊருக்குள் அனுப்பிவைத்தார். மறுநாள் மன்னர் வந்தபோது, ஆளுநர் ஜான் ஹோத்தம் கோட்டைக் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். சொந்த ஊரின் கதவு சொந்த மன்னருக்குச் சாத்தப்பட்டதை உள்ளேயிருந்து பார்த்த சிறுவன் ஜேம்ஸ். அதே ஆண்டு அக்டோபரில் எட்ஜ்ஹில் போர்க்களத்தில் எதிரியின் குதிரைப்படை நெருங்கிவரும் அளவுக்கு அருகில் நின்றான். 1646இல் ஆக்ஸ்ஃபோர்ட் வீழ்ந்தபோது பிடிபட்டு லண்டனில் காவலில் வைக்கப்பட்டான். 1648 ஏப்ரலில், தம்பி தங்கையோடு கண்ணாமூச்சி ஆடுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, பெண்ணுடை தரித்து ஹாலந்துக்குத் தப்பினான். தந்தையின் தலை விழுந்தபோது அவனுக்கு வயது 15.

இத்தனையும் கண்டவர் என்ன பாடம் கற்றார் என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் உயிர் இருக்கிறது. 1641 மே மாதத்தில் நாடாளுமன்றம் மன்னரின் வலக்கையான ஸ்ட்ராஃபோர்டின் உயிரைக் கேட்டது. அவரைக் காப்பதாக வாக்களித்திருந்த சார்லஸ், அரண்மனைக்கு வெளியே கூடிய கூட்டத்தைக் கண்டு மனைவி மக்களுக்கு அஞ்சிக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து அவரைக் கடைசிவரை அரித்தது. வெட்டுமேடையில் நின்றபோதும், தாம் அனுமதித்த ஓர் அநியாயத் தண்டனைக்காகவே இன்னோர் அநியாயத் தண்டனை தம்மேல் விழுகிறது என்று பெயர் சொல்லாமல் சொன்னார். ஜேம்ஸ் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாடம்: விட்டுக்கொடுத்ததால்தான் தந்தை அழிந்தார். சார்லஸ் விட்டுக்கொடுப்பதற்கு முன் 11 ஆண்டு நாடாளுமன்றத்தையே கூட்டாமல் ஆண்டதை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவேயில்லை. தந்தையின் துயரத்தை அவ்வளவு அருகில் கண்ட மகனுக்கு அந்தத் துயரத்தின் காரணம் கண்ணுக்குத் தெரியாமல் போனது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. துக்கம் சில நேரம் அறிவை இப்படித்தான் அடைத்துவிடுகிறது.

பணம் என்று வந்தால் தந்தையும் மகனும் வேறு வேறு உலகத்தவர். 1625இல் சார்லஸ் பட்டமேறியபோது, முன்னிருந்த மன்னர்களுக்கு ஆயுளுக்கும் தரப்பட்ட சுங்க வரியை மக்கள் சபை அவருக்கு ஓராண்டுக்கு மட்டும் தர முன்வந்தது. அன்று தொடங்கிய பஞ்சம் ஆட்சி முழுவதும் தொடர்ந்தது. கட்டாயக் கடன் வாங்கினார். கொடுக்க மறுத்தவர்களைச் சிறையில் தள்ளினார். போர்க்காலத்தில் கடற்கரை ஊர்களிடம் மட்டும் வாங்கும் கப்பல் வரியை, போர் இல்லாத 1635இல் உள்நாட்டு ஊர்களுக்கும் விரித்தார். ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பவுன் வந்தது. அதுவும் போதவில்லை. 1640இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஏறத்தாழ 63,000 பவுன் மதிப்புள்ள மிளகைக் கடனுக்கு வாங்கி, வாங்கிய விலைக்கும் குறைவாக ரொக்கத்துக்கு விற்றார். ஒரு நாட்டின் மன்னர் மிளகு மூட்டையை நட்டத்துக்கு விற்றுப் படைக்குப் பணம் தேடிய அந்த நிலைதான் உள்நாட்டுப் போரின் வாசல்.

அந்த மிளகு வணிகக் கம்பெனியின் வழியாகத்தான் இந்தத் தந்தையும் மகனும் நம் ஊரின் வரலாற்றையும் தொடுகிறார்கள். ஃபிரான்சிஸ் டே சோழமண்டலக் கரையில் மணல்திட்டு ஒன்றைக் கம்பெனிக்காகப் பெற்ற நாள் என்று நாம் சென்னை தினமாகக் கொண்டாடுவது 1639 ஆகஸ்ட் 22. சரியாக மூன்றாண்டு கழித்து, 1642 ஆகஸ்ட் 22 அன்று, சார்லஸ் நாட்டிங்ஹாமில் போர்க்கொடியை ஏற்றினார். புனித ஜார்ஜ் கோட்டையின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதன் மன்னர் தம் குடிகளோடு போரிட்டுக்கொண்டிருந்தார். மகன் ஜேம்ஸோ கம்பெனியின் பங்குதாரர். அவருடைய ஒப்புதலோடு 1687 டிசம்பர் 30 அன்று கம்பெனி வழங்கிய சாசனத்தால் உருவானது மதராஸ் மாநகராட்சி. 1688 செப்டம்பர் 29 அன்று அது செயல்படத் தொடங்கியது. அப்போது ஜேம்ஸின் ஆட்சிக்கு மிச்சமிருந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு.

ஜேம்ஸ் 1685 பிப்ரவரியில் பட்டமேறியபோது அவருக்குப் பணக்கவலையே இல்லை. வணிகம் செழித்திருந்தது, அவ்வாண்டு கூடிய நாடாளுமன்றம் ஆயுள்கால வருவாயைத் தாராளமாக அளித்தது. அவருடைய அண்ணன் மகன் மான்மத் மேற்கில் கலகம் செய்து ஜூலை 6 அன்று செட்ஜ்மூரில் தோற்றதும், அதைக் காரணம் காட்டிப் படையை 20,000 பேர்வரை பெருக்கினார். கலகத்துக்குப் பின் நீதிபதி ஜெஃப்ரீஸ் மேற்கு மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் நடத்திய விசாரணைகளில் சுமார் 300 பேர் தூக்கிலேறினர். பல நூறு பேர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தப்பியோடிய இருவருக்கு ஓரிரவு இடம் கொடுத்ததற்காக ஆலிஸ் லைல் என்ற முதிய பெண்மணியின் தலை வின்செஸ்டரில் வெட்டப்பட்டது. அவருடைய கணவர் ஜான் லைல் சார்லஸை விசாரித்த நீதிமன்றத்துக்குத் துணைநின்றவர். மகன் பழைய கணக்கை மறக்கவில்லை என்றே நாடு அதைப் புரிந்துகொண்டது.

ஆக, தந்தையை நெருக்கியது வறுமை. மகனைத் துணிய வைத்தது வளமை. ஆனால் இருவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே: நீதிமன்றம். சார்லஸும் ஜேம்ஸும் சட்டத்தை மதிக்காத கொடுங்கோலர் என்பது மேலோட்டமான பார்வை. இருவருக்கும் சட்டத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அதனால்தான் இருவரும் நீதிபதிகளை வளைத்தார்கள். கட்டாயக் கடன் சட்டப்படி செல்லும் என்று எழுதித்தர மறுத்த தலைமை நீதிபதி ராண்டல்ஃப் குரூவை 1626இல் சார்லஸ் பதவியிலிருந்து நீக்கினார். கப்பல் வரியில் தம் பங்கான 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்த ஜான் ஹாம்ப்டன் வழக்கு 1638இல் 12 நீதிபதிகளுக்கு முன் முடிந்தபோது ஏழு பேர் மன்னர் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். மன்னர் வென்றார். மன்னரின் தயவில் பதவியில் இருப்பவர்களிலேயே ஐந்து பேர் மாறாக நின்றதுதான் நாட்டின் நெஞ்சில் பதிந்தது.

ஜேம்ஸுக்கு ஏழுக்கு ஐந்து போதாது. தமக்கு இணங்காத நீதிபதிகளை முன்கூட்டியே நீக்கிவிட்டு, 1686இல் ஒரு வழக்கையே ஏற்பாடு செய்தார். சர் எட்வர்ட் ஹேல்ஸ் என்ற கத்தோலிக்கர் 1673ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட உறுதிமொழியை எடுக்காமல் படைப்பிரிவுத் தலைவராக இருந்தார். சட்டத்தை மீறியவரைக் காட்டிக்கொடுத்தால் 500 பவுன் வெகுமதி உண்டு. ஹேல்ஸின் சொந்த வண்டிக்காரர் காடன் அந்த வெகுமதி கேட்டு முதலாளிமீதே வழக்குப் போட்டார்; போடவைக்கப்பட்டார் என்பதே சரி. தக்க காரணம் இருந்தால் மன்னர் யாருக்கும் சட்டத்திலிருந்து விலக்குத் தரலாம், காரணம் தக்கதா என்பதை மன்னரே முடிவுசெய்வார் என்று 12 பேரில் 11 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அந்த ஒரு தீர்ப்போடு நாடாளுமன்றம் இயற்றிய எல்லாச் சட்டமும் மன்னரின் விருப்பத்தில் தொங்கத் தொடங்கியது. தந்தையின் ஏழுக்கு ஐந்து வெற்றியைவிட மகனின் 11க்கு ஒன்று வெற்றி பலவீனமானது என்று நினைக்கிறேன். அதை யாருமே தீர்ப்பாக எண்ணவில்லை.

மதத்தைப் பொறுத்தவரை ஜேம்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டும். சார்லஸ் புராட்டஸ்டன்ட், சடங்குகளை விரும்பிய ஆங்கிலத் திருச்சபையை எல்லார்மீதும் திணித்தவர். பேராயர் லாட் வகுத்த வழிபாட்டு நூலை 1637இல் ஸ்காட்லாந்தின்மீது சுமத்தப்போய்த்தான் எடின்பரோவில் முதல் தீப்பொறி விழுந்தது. ஜேம்ஸ் 1687 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பு, கத்தோலிக்கருக்கு மட்டுமல்லாமல் திருச்சபைக்கு வெளியே நின்ற எல்லாப் புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தது. அதற்கு முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குவேக்கர்கள் அவருடைய ஆணையால் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். குவேக்கரான வில்லியம் பென் அவருடைய நண்பர். இன்றைய கண்ணுக்கு, அந்த அறிவிப்பு அவரை வீழ்த்தியவர்களின் மனத்தைவிடப் பரந்தது. அவரை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் 1829வரை கத்தோலிக்கரை நாடாளுமன்றத்தில் உட்காரவிடவில்லை.

ஆனால் கொடுத்த விதம் கொடையைக் கெடுத்தது. சட்டங்களை நீக்க நாடாளுமன்றத்தைக் கேட்காமல், அவற்றை மன்னரின் ஒரே ஆணையால் கிடப்பில் போட்டார். இன்று சுதந்திரம் தரும் ஆணை நாளை அதைப் பறிக்கவும் போதும் என்று குவேக்கர் அல்லாதார் அஞ்சியதில் தவறில்லை. அதுவும் 1685 அக்டோபரில்தான் பதினான்காம் லூயி, தம் பாட்டனார் புராட்டஸ்டன்டுகளுக்குக் கொடுத்திருந்த நாந்து ஆணையை ஒரே கையெழுத்தில் ரத்துசெய்திருந்தார். வீடிழந்து வந்த பிரெஞ்சு அகதிகள் லண்டன் தெருக்களிலேயே நடமாடினார்கள். 1688இல் அந்த அறிவிப்பை எல்லாத் தேவாலயங்களிலும் வாசிக்கச் சொன்னபோது, சட்டங்களை இப்படி நிறுத்திவைக்க மன்னருக்கு அதிகாரம் இல்லையென்று ஏழு ஆயர்கள் மனு கொடுத்தனர். அவதூறு வழக்குப் போட்டு அவர்களை லண்டன் கோபுரத்தில் அடைத்தார். ஜூன் 30 அன்று நடுவர் குழு ஆயர்களை விடுவித்தது. ஹவுன்ஸ்லோ வெளியில் முகாமிட்டிருந்த மன்னரின் படைவீரர்களே ஆரவாரம் செய்தார்கள். அதே நாளில் ஏழு பெருமக்கள் மறைமொழியில் கையெழுத்திட்ட கடிதம் ஹாலந்திலிருந்த வில்லியமுக்குப் புறப்பட்டது. ஜூன் 10 அன்று ஜேம்ஸுக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது. அதுவரை அவருக்குப் பின் புராட்டஸ்டன்ட் மகள் மேரி வருவார் என்று பொறுத்திருந்தவர்கள், இனிக் கத்தோலிக்க வாரிசுகள் வரிசையாக வருவார்கள் என்று கண்டதும் பொறுமையிழந்தார்கள்.

முடிவு இருவருக்கும் வந்த விதத்தைச் சற்று நின்று பார்க்கலாம்.

சார்லஸும் தப்ப முயன்றவர்தான். 1647 நவம்பரில் ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து தப்பினார். ஆனால் பிரான்சுக்குப் போகாமல் வைட் தீவுக்குப் போய்க் கேரிஸ்புரூக் கோட்டையில் மறுபடி சிறைப்பட்டார். அங்கிருந்து சன்னல் வழியாக வெளியேற முயன்றபோது கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார். சிறையிலிருந்தபடியே ஸ்காட்லாந்தாரோடு உடன்பட்டு இரண்டாவது போரை மூட்டினார். படை அதை மன்னிக்கவில்லை. 1648 டிசம்பர் 6 அன்று கர்னல் பிரைட் மக்கள் சபையின் வாசலில் நின்று, மன்னரோடு சமரசம் விரும்பிய உறுப்பினர்களை வடிகட்டினார். மிஞ்சியவர்கள் ஒரு நீதிமன்றத்தை அமைத்தார்கள். பிரபுக்கள் சபை மறுத்தது. மக்களின் பிரதிநிதிகளான தங்களுக்கே உச்ச அதிகாரம் என்று அறிவித்துவிட்டு மேலே நடந்தார்கள்.

ஜனவரி 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வழக்கறிஞர் ஜான் குக் குற்றச்சாட்டை வாசிக்க எழுந்தபோது, நிறுத்தும்படி சார்லஸ் கைத்தடியால் அவர் தோளைத் தட்டினார். தடியின் வெள்ளித் தலை கழன்று விழுந்தது. எடுத்துக் கொடுக்க யாரும் அசையவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக இருக்கலாம், மன்னர் தாமே குனிந்து எடுத்தார். ஆனால் அதற்குப் பின் பேசியவர் வேறு மனிதர். திக்கல் அகன்றுவிட்டது. எந்த அதிகாரத்தில் என்னை இங்கே கொண்டுவந்தீர்கள் என்ற ஒரே கேள்வியை மூன்று நாளும் கேட்டார். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்தார். சட்டமில்லாத வலிமை சட்டத்தை மாற்றலாம் என்றால் எந்தக் குடிமகனின் உயிரும் உடைமையும் பாதுகாப்பாக இருக்கும் என்றார். அன்றைக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. 20 ஆண்டுகளுக்கு முன் கட்டாயக் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே. 27ஆம் தேதி தீர்ப்பு. ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டனர். குளிரில் நடுங்கினால் அச்சமென்று கண்டவர் எண்ணுவார்களே என்று இரண்டு சட்டை அணிந்து மேடைக்கு வந்தார். மக்களின் சுதந்திரம் நல்ல சட்டத்தின் கீழ் வாழ்வதில் இருக்கிறது, ஆட்சியில் பங்கு கேட்பதில் இல்லை என்று அங்கேயும் சொன்னார். ஒரே வெட்டு.

ஜேம்ஸின் முடிவில் இந்தக் கம்பீரம் கொஞ்சமும் இல்லை. 1688 நவம்பர் 5 அன்று வில்லியம் டோர்பேயில் இறங்கினார். ஜேம்ஸிடம் அதைவிடப் பெரிய படை இருந்தது. ஆனால் சாலிஸ்பரி முகாமுக்குப் போனவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தது, உறக்கம் போனது. லோவெஸ்டாஃப்டில் அசையாமல் நின்ற மனிதர் சண்டையிடாமலே பின்வாங்க முடிவுசெய்தார். தளபதி ஜான் சர்ச்சில் எதிர்ப்பக்கம் போனார். சில நாளில் இளைய மகள் ஆனும் லண்டனைவிட்டு ஓடி எதிரிகளோடு சேர்ந்தார். பெற்ற பிள்ளைகளும் கைவிட்டார்களே என்று ஜேம்ஸ் உடைந்தார்.

டிசம்பர் 11 விடியுமுன் அரண்மனையைவிட்டு வெளியேறினார். போகுமுன் நாடாளுமன்றத்தைக் கூட்டும் ஆணைகளை எரித்தார். பெருமுத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்தார். வெறும் பதற்றத்தில் செய்ததல்ல அது. முத்திரையில்லாமல் எந்த ஆணையும் செல்லாது. ஆணையில்லாமல் நாடாளுமன்றம் கூடாது. தாம் இல்லாமல் நாடு சட்டப்படி ஓரடியும் எடுத்துவைக்க முடியாது என்று கணக்குப் போட்டார். கூடவே போனவர் யார் தெரியுமா? காடன் வழக்கின் அதே எட்வர்ட் ஹேல்ஸ். கென்ட் கரையில் ஃபேவர்ஷாம் மீனவர்கள் படகை மறித்தபோது, உள்ளூர்க்காரரான ஹேல்ஸை அடையாளம் கண்டுகொண்டார்கள், மன்னரைத் தெரியவில்லை. ஏதோ ஏசு சபைப் பாதிரியார் என்று நினைத்து, உடைகளுக்குள் கைவிட்டுச் சோதித்தார்கள்.

பிடிபட்ட மன்னரை லண்டனுக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது எதிர்பாராதது நடந்தது. டிசம்பர் 16 அன்று தெருக்களில் கூட்டம் வாழ்த்தி முழங்கியது. வில்லியமுக்கு அது பேரிடி. சிறையில் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கொல்லப்பட்டவர் அவருடைய சொந்தத் தாத்தா. ஆகவே ஜேம்ஸை லண்டனைவிட்டு வெளியேறச் சொன்னார். ராச்செஸ்டருக்குப் போகிறேன் என்று ஜேம்ஸ் கேட்டதும் உடனே சம்மதித்தார். அது கடலுக்குப் போகும் வழி. அங்கே வீட்டின் முன்புறம் காவல் இருந்தது, பின்புறம் இல்லை. 23ஆம் தேதி ஜேம்ஸ் பின்வழியே போனார். அவர் பிரான்ஸ் கரையில் இறங்கும்வரை வில்லியம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அந்தத் திறந்த பின்கதவை வைத்தது 1649இன் நினைவுதான். சார்லஸ் கொல்லப்பட்ட சில நாளில் அவர் பெயரால் தியானமும் பிரார்த்தனையுமாக ஒரு புத்தகம், ‘ஐக்கான் பசிலிக்கே’, வெளிவந்து அந்த ஓராண்டில் மட்டும் 30க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. வாழும்போது யாரும் நம்பாத மன்னரை இறந்தபின் நாடே தியாகியாகத் தொழுதது. 1660இல் அவருடைய மூத்த மகன் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். குற்றச்சாட்டை வாசித்த ஜான் குக்கைத் தூக்கிலிட்டு உடலைக் கூறு போட்டார்கள். 1661 ஜனவரி 30 அன்று, நாடாளுமன்றப் படைத்தலைவராக இருந்த கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டித் தலையை வெட்டினார்கள். அந்தத் தேதி 1859வரை ஆங்கிலத் திருச்சபையில் நோன்பு நாளாக இருந்தது. கொலையாளிகளின் பிழை கொடுமையில் மட்டும் இல்லை. அவர்கள் மன்னரை அகற்றினார்கள், அரச பதவியையே ஒழித்தார்கள், பிரபுக்கள் சபையையும் ஒழித்தார்கள். ஆனால் வரி போடுவது யார், படையை வைத்திருப்பது யார், நீதிபதியை நீக்குவது யார் என்ற கேள்விகளுக்குப் பதிலாக, கையில் படையிருப்பவர் என்ற ஒரே விடையை விட்டுச்சென்றார்கள். பிறகு வந்த கிராம்வெல்லும் தமக்கு ஒத்துவராத நாடாளுமன்றங்களைக் கலைத்தார்.

1689இல் கூடியவர்கள் தலையைக் கேட்கவில்லை. ஜேம்ஸ் தாமாகவே ஆட்சியை விட்டுப் போய்விட்டார், அரியணை காலியாக இருக்கிறது என்று தீர்மானித்தார்கள். உண்மையில் அது பாதிப் பொய். நாடே அதை அறியும். ஆயினும் அந்தப் பொய், ஒரு மன்னரை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற சிக்கலிலிருந்து அவர்களை விடுவித்தது. பிறகு பதவியின் பக்கம் திரும்பினார்கள். நாடாளுமன்றத்தின் இசைவில்லாமல் மன்னர் சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது, விலக்குத் தரக் கூடாது, வரி வாங்கக் கூடாது, அமைதிக் காலத்தில் படை வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் தந்தையின் ஒரு செயலோ மகனின் ஒரு செயலோ நிற்கிறது.

இரத்தம் சிந்தாத புரட்சி என்று அதைப் புகழ்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. இங்கிலாந்தில் சிந்தவில்லை, அவ்வளவுதான். ஜேம்ஸ் அயர்லாந்துக்குப் போனார். 1690 ஜூலையில் பாய்ன் ஆற்றங்கரையில் மருமகனிடம் தோற்று மறுபடி பிரான்சுக்கு ஓடினார். அவருக்காக நின்ற அயர்லாந்துக் கத்தோலிக்கர் மறு ஆண்டு ஆக்ரிமில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பின்னர் வந்த தண்டனைச் சட்டங்கள் அவர்களின் நிலம், கல்வி, ஆயுதம், பதவி எல்லாவற்றையும் பறித்தன. தந்தையின் மரணத்துக்குப் பின் கிராம்வெல் டிராஹெடாவில் படுகொலை நடத்தினார். மகனின் ஓட்டத்துக்குப் பின் இது. இரு முறையும் இங்கிலாந்து தன் வழக்கைத் தீர்த்துக்கொண்டபோது செலவுத்தொகையை அயர்லாந்து கட்டியது.

ஜேம்ஸ் தம் கடைசி ஆண்டுகளைப் பாரிஸுக்கு அருகே சாந்-ஜெர்மானில் கழித்தார். தம் துன்பமெல்லாம் இளமைப் பாவங்களுக்கான தண்டனை என்று எழுதிவைத்தார். அரசாண்ட முறையில் தவறு என்று அவர் எதையும் காணவில்லை. 1701 செப்டம்பரில் இறந்தார். அதற்கு மூன்று மாதம் முன்பு லண்டனில் வாரிசுரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது. ஜேம்ஸின் மகனையும் கத்தோலிக்க உறவினர் அனைவரையும் தாண்டிச் சென்று, ஹனோவர் நாட்டு சோஃபியாவின் புராட்டஸ்டன்ட் வழிக்கு அது முடியைக் கொடுத்தது. பத்திரிகைகளும் புத்தகங்களும் பேசுவது அதைத்தான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருப்பார்கள்; நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் வேண்டுகோள் வைத்தால் மட்டுமே நீக்கப்படுவார்கள். குரூவை நீக்கிய கையும் காடன் வழக்குக்கு முன் நீதிபதிகளை நீக்கிய கையும் இனி அந்தப் பக்கம் நீள முடியாது. ஹனோவர் வழியினர் பட்டமேறிய 1714இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசமைப்பின் 124ஆம் பிரிவும் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க இரு அவைகளின் வேண்டுகோளையே கேட்கிறது.